பங்குனி ஆமையும் பாலைவனத்துக் கோழியும் கை நனைத்த கதை

சவுக்குக்குப்பத்து நாகூரான் பொய் சொல்ல மாட்டார். தன் வாயில் வந்து விழுந்த உண்மைக்குக் கொஞ்சம் தீனி போட்டு வளர்ப்பார், அவ்வளவுதான். காலையில் அவர் வலையில் ஒரு சாண் நீளத்துக்கு மாட்டிய கொடுவா, டீக்கடைக்கு வந்து சேரும்போது இரண்டு முழம் ஆகியிருக்கும். இரண்டாவது டீ குடிக்கையில் அதற்கு மீசை முளைத்திருக்கும். கேட்கிறவர்கள் அப்போதும் எழுந்து போகாவிட்டால், அது படகையே இழுத்துக்கொண்டு இலங்கைப் பக்கம் போய்விட்டு வந்திருக்கும். ஊரில் யாரும் அவரைத் திருத்தப் பார்த்ததில்லை. அவர் மனைவி சிவபாக்கியம் மட்டும் கல்யாணமான புதிதில் கொஞ்ச நாள் முயன்று பார்த்தாள். பிறகு அவளுக்கும் வேறு வேலை இருந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அவரைச் சும்மா விடுவதாக இல்லை. மகள் வெண்ணிலாவைப் பெண் பார்க்கப் பனைமேட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெண்ணிலா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் சற்குணன் படகு இன்ஜின் மெக்கானிக். குடி கிடையாது, தான் உண்டு தன் சோலி உண்டு என்று இருப்பவன். ஒருநாள் கையில் ஸ்பேனர் கிழித்து ஆஸ்பத்திரிக்கு வந்து வெண்ணிலாவிடம் கட்டுப் போட்டுக்கொண்டவன், காயம் ஆறிய பிறகும் கட்டைப் பிரிக்க மனசில்லாமல் இரண்டு முறை வந்து போனான். அவளுக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. ஆக, பிள்ளைகள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. பயமெல்லாம் அப்பன் வாயைப் பற்றித்தான்.

ஏனென்றால் இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் அந்த வாயால் போனவை. முதலில் வந்தவர்களிடம், தன் தாத்தா சுறா மேல் ஏறித்தான் சந்தைக்குப் போவார் என்றார் நாகூரான். அடுத்து வந்தவர்களிடம், முதலில் வந்தவர்கள் அந்தச் சுறாவைச் சீராகக் கேட்டார்கள், நான்தான் கொடுக்கவில்லை என்றார்.

"இன்னிக்கு வாயத் தொறந்தீங்க, இந்த வீட்ல இனிமே நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்" என்றாள் சிவபாக்கியம். "கடல் மேல சத்தியம் பண்ணுங்க."

நாகூரான் கிழக்கே திரும்பிக் கையை நீட்டினார். "வாங்கன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"உக்காருங்கன்னு?"

"அதுவும் சொல்லலாம். அதுக்கு மேல ஒரு சொல்லு வரக் கூடாது."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் டீ குடிப்பார்கள், முறுக்குக் கடிப்பார்கள். ஆனால் சம்மதம் சொல்லாமல் இலையில் உட்கார்ந்து கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, சம்பந்தி ஆகியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது. இது தெரிந்துதான் சிவபாக்கியம் விடியலிலேயே கொடுவாக் குழம்பைக் கூட்டி வைத்து, இறால் தொக்கையும் கிளறி, அடுக்களைக் கதவை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தாள். மனசு சம்மதிக்காவிட்டாலும் வயிறு சம்மதிக்கும் என்பது அவள் நம்பிக்கை.

பையனின் அப்பா துரைக்கண்ணு வருவதற்கு முன்பே அவர் அத்தர் வாசனை தெருமுனைக்கு வந்துவிட்டது. அரபு நாட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டுக்குள் வந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கூட அவர் மனைவி கோமளவல்லி, பையன் சற்குணன், பையனின் தாய்மாமன் கலியமூர்த்தி. இந்தக் கலியமூர்த்தி வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். வீட்டுக்காரர்கள் சொல்வதை நம்பாமல் தானே எட்டிப் பார்த்துப் பழகியவர். தெருவில் பாதிப்பேர் யாரும் கூப்பிடாமலே வாசலில் வந்து நின்றுகொண்டார்கள்.

"வாங்க" என்றார் நாகூரான். "உக்காருங்க" என்றார். அத்தோடு அவருடைய கையிருப்பு தீர்ந்தது.

வெண்ணிலா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். துரைக்கண்ணு ஒரு வாய் குடித்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலை வேணாம். ராத்திரி டூட்டி அது இதுங்கிறதெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஒத்து வராது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. கதவோரம் வந்து நின்று வெண்ணிலாவே சொன்னாள்: "மாசத்துல ஒரு வாரம்தான் மாமா ராத்திரி டூட்டி."

"ஒரு வாரமோ ஒரு ராத்திரியோ. நாளைக்குப் புள்ள குட்டின்னு ஆனா ராத்திரியில யாரு பாத்துக்குறது? நீயே சொல்லு."

 அந்த வெள்ளை உடுப்பைப் போட மகள் பட்ட பாடு நாகூரானுக்குத் தெரியும். குப்பத்தில் இப்போது ஓடித் திரிகிற பிள்ளைகளில் பாதி அவள் கையில் வந்து விழுந்தவைதான். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, வளர்க்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் சத்தியம் செய்திருக்கிறாரே. மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே 'பொறு' என்றாள். ஆயுசில் முதல் முறையாக உண்மையைச் சொல்ல வாய் துடித்த நாளில் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே ஒரு மனிதன் வாயை மூடி உட்கார்ந்திருந்தால் துரைக்கண்ணு சும்மா இருப்பாரா? தன்னைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டார். காலை நீட்டி வசதியாகச் சாய்ந்தார்.

"நீங்க இந்தக் கடலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க இவரே. இதுல என்ன இருக்கு? உப்பும் மீனும். நான் பாலைவனத்தப் பாத்தவன். ஷேக்கோட நெருப்புக்கோழிப் பண்ணைக்கு நான்தான் மேனேஜர்."

"போன தடவ டிரைவர்னு சொன்னீங்களே மச்சான்?" என்றார் கலியமூர்த்தி.

"மேனேஜருக்கு வண்டி ஓட்டத் தெரியக் கூடாதாய்யா? கேளுங்க இவரே. நெருப்புக்கோழின்னா ஆளு ஒசரத்துக்கு மேல இருக்கும். பறக்காது. எதுக்குப் பறக்கணும்? அது ஓடுனா தூசிதான் தெரியும், கோழி தெரியாது. அங்க ரோட்டோரத்துல கேமரா வச்சிருப்பான், வேகமாப் போனா படம் புடிச்சு அபராதம் போட்டுடுவான். ஒருநாள் நம்ம கோழி ரோட்டுல ஓடுச்சு பாருங்க, போன வேகத்துல கேமராவுல கோழி விழல. அதோட நெழல் மட்டும்தான் விழுந்துச்சு. நெழலுக்கு அபராதம் போட்டானுவ!"

வாசலில் நின்றவர்கள் 'அடேயப்பா' என்றார்கள். கலியமூர்த்தி மட்டும் மேற்கூரையைப் பார்த்தார்.

"அப்புறம் போலீசே வந்து சொல்லிட்டான், இதுக்கு நம்பர் பிளேட் மாட்டாம வெளிய விடக் கூடாதுன்னு."

"கோழிக்கா? எங்க மாட்டுனீங்க?"

"முன்னாடி ஒண்ணு கழுத்துல, பின்னாடி ஒண்ணு வால்ல. நாம சட்டத்த மீறுற ஆளா?" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரைத் தரையில் வைத்தார் துரைக்கண்ணு. இன்னொரு டீ வருகிற வழியாக இல்லை. அடுக்களைப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்ன, டீ ஆமை மாதிரி வருது?"

அங்கேதான் வினை வந்தது.

நாகூரானைத் திட்டினால் சிரிப்பார். அவர் படகைத் திட்டினால் முறைப்பார். பங்குனி ஆமையைத் திட்டினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. மாசி பங்குனியில் முட்டையிட அந்தக் கரைக்கு ஏறி வருகிற ஆமை அது. வலையில் சிக்கினால், வலை போனாலும் பரவாயில்லை என்று அறுத்துவிடுகிற ஆள் அவர். அவர் புளுகில் முக்கால்வாசி அந்த ஆமையைப் பற்றித்தான் இருக்கும். அதை ஒருத்தன், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் டீயையே குடித்துவிட்டு, சோம்பேறி என்கிறான்!

சிவபாக்கியம் உள்ளேயிருந்து இருமினாள். பிறகு கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். இரண்டும் அவர் காதில் விழவில்லை.

"ஆமைய என்னன்னு நெனச்சீங்க இவரே?" என்றார் நாகூரான்.

"ஐயையோ, நல்ல காரியம் பேசுற எடத்துல ஆமைப் பேச்ச எடுத்துட்டாரே" என்று வாசலில் ஒரு கிழவர் முனகினார். சிவபாக்கியம் உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் நடுக்கடல்ல என் இன்ஜின் நின்னு போச்சு" என்று தொடங்கினார் நாகூரான்.

சற்குணன் முதல் முறையாக நிமிர்ந்தான். "எந்த இன்ஜின் மாமா?"

"நின்னு போன இன்ஜினுக்குப் பேரு என்ன தம்பி இருக்கு? கேளுங்க. காத்து இல்ல, கரை தெரியல. அப்ப ஒரு பங்குனி ஆமை வந்து எட்டிப் பாத்துச்சு. 'ஆத்தா, வீட்ல கொழம்பு ஆறிப்போவும்'னேன். வேற ஒண்ணுமே சொல்லல. படகோட முன்பக்கம் இருந்த அணியத்துக் கயித்த வாயில கவ்விக்கிட்டு இழுத்துச்சு பாருங்க! படகு தண்ணியத் தொடவே இல்ல. வழியில போன கப்பல்காரன், பின்னாடி போறமோன்னு சந்தேகப்பட்டு இன்ஜின நிறுத்திட்டு எறங்கிப் பாத்தான். நாங்க கரைக்கு வந்து சேந்தப்ப, எங்கள வழியனுப்ப வரவேண்டியவங்க இன்னும் வீட்ட விட்டே கெளம்பல!"

கலியமூர்த்தி விரலை மடக்கினார். "அப்படின்னா நீங்க கெளம்புறதுக்கு முன்னாடியே..."

"அதைத்தானய்யா நானும் சொல்றேன். வேகம்னா அது வேகம்."

துரைக்கண்ணு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். தன் சோலியில் இன்னொருத்தன் இருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பொய் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதைப் பொய் என்றால் நிழலுக்குப் போட்ட அபராதம் என்ன ஆகும்? அதனால் வேறு வழியில் போனார்.

"வேகத்த விடுங்க. முட்டை! ஆமை முட்டை எலுமிச்சம்பழம் அளவு இருக்குமா? நெருப்புக்கோழி ஒரு முட்டை போட்டுச்சுன்னா எங்க கேம்ப்ல அன்னிக்கு அத்தனை பேருக்கும் ஆம்லெட். மிச்சத்தப் பக்கத்து கேம்ப்புக்குக் குடுப்போம். அந்த ஓட்ட என்ன பண்ணோம்ங்கிறீங்க? கதவு வச்சு, ஏசி மாட்டி, அதுலதான் நான் குடியிருந்தேன். எடம் பெரிசா இருந்துச்சு. பாதிய மறிச்சு ஒரு மலையாளிக்கு வாடகைக்கு விட்டேன், டீக்கடை போட்டாரு."

"ஏசி காத்துல டீ ஆறிடாது?" என்றார் கலியமூர்த்தி.

"அதுக்குத்தான்யா நடுவுல செவுரு!"

வாசலில் சிரிப்பு எழுந்தது. அது துரைக்கண்ணு பக்கம் சாய்ந்த சிரிப்பாக நாகூரானுக்குப் பட்டது. அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"குடியிருக்குறதப் பத்திப் பேசுறீங்களா? அந்தப் பெரும்புயல் அடிச்சப்ப இந்தத் தெரு மொத்தமும் எங்க இருந்துச்சு, கேளுங்க. ஒரே ஒரு ஆமையோட முதுகுக்குக் கீழ. எங்க தெரு, பக்கத்துத் தெரு, ரேஷன் கடை, அதுல நின்ன கூட்டம், எல்லாம் உள்ள. புயல் ஓஞ்ச பெறகு நெவாரணம் குடுக்க அதிகாரிங்க வந்தாங்க. வீடெல்லாம் எங்கன்னு கேட்டாங்க. ஆமையக் காட்டுனோம். ஒடனே அதுக்குக் கதவு எண் போட்டு, வார்டுல சேத்து, வாக்காளர் அட்டையும் குடுத்துட்டாங்க."

"ஆமைக்கு?" என்றார் கலியமூர்த்தி.

"பின்ன? ஊரு ஊராப் பொழைக்கப் போறவன்லாம் ஓட்டுப் போட வர்றானா? இது வருஷா வருஷம் தவறாம சொந்தக் கரைக்கு வருது. அதுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க? அட்டையில இருக்குற படம்தான் அது மாதிரியே இல்ல. ஆனா யாரோட அட்டையிலதான் இருந்துச்சு?"

இதை வாசலில் நின்றவர்களே ஒத்துக்கொண்டார்கள். கலியமூர்த்தியும் ஒரு கணம் யோசித்துத் தலையாட்டிவிட்டார்.

"தேர்தல் வந்துச்சு. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தாரு. கால்ல விழுவாங்கல்ல? ஆமைக்கு நாலு காலு. ஒண்ணுல விழுந்து ஒண்ணுல விழலன்னா மத்த காலு கோச்சுக்கும்னு நாலு தடவ விழுந்தாரு. 'தாயே, நான் ஜெயிச்சா கடல ஒன் வீட்டு வாசலுக்கே கொண்டாறேன்'னாரு. ஆமை என்ன செஞ்சுச்சு தெரியுமா? தலைய உள்ள இழுத்துக்கிச்சு. அவரு ஜெயிச்ச பெறகு அவரும் அப்படித்தான் செஞ்சாரு. யாருகிட்டக் கத்துக்கிட்டாருன்னு நெனைக்கிறீங்க?"

தெருவே சிரித்தது. உள்ளே சிவபாக்கியம் இலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். இந்த வரனும் போனது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வெண்ணிலாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

துரைக்கண்ணு விடுகிற ஆளா? "தலைய உள்ள இழுக்குறதெல்லாம் ஒரு தெறமையா? என் கோழி எதை வேணா முழுங்கும். கல்லு, ஆணி, பூட்டு. ஒருநாள் என் செல்போன முழுங்கிடுச்சு. நான் பதறல. உள்ள கெடந்து மணி அடிக்கும், கோழியே எடுத்துப் பேசும். ஊருலேந்து இவ போன் பண்ணுவா. 'நல்லா இருக்கேன். சாப்புட்டேன். அடுத்த மாசம் வந்துருவேன்.' எல்லாத்தையும் கோழியே சொல்லிரும். ரெண்டு வருஷம்! இவளுக்கு வித்தியாசமே தெரியலன்னா பாத்துக்குங்க."

அதுவரை வாயே திறக்காத கோமளவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அதான பாத்தேன். அந்த ரெண்டு வருஷமும் கொஞ்சம் அன்பாப் பேசுன மாதிரி இருந்துச்சு."

துரைக்கண்ணு முகம் ஒரு நொடி செத்துப் போனது. நாகூரானுக்கே அவர் மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் போட்டியில் இரக்கம் பார்த்தால் ஆகுமா? குழம்பு வேறு கொதித்துக் கொதித்து வீட்டை மணக்க வைத்தது. துரைக்கண்ணுவின் மூக்கு அடுக்களைப் பக்கமும் வாய் இந்தப் பக்கமுமாக இழுபட்டதை நாகூரான் கவனித்தார். இதுதான் சமயம் என்று பாய்ந்தார்.

"உங்க கோழி அன்பாப் பேசுச்சுன்னாங்களே, எங்க ஆமையோட அன்பக் கேளுங்க. முட்டை வைக்கிறப்ப அது கண்ணுலேந்து தண்ணி கொட்டும். பக்கத்துல பாத்தி கட்டி விட்டாப் போதும். இந்தக் கரையில அத்தனை உப்பளமும் அப்படி வந்ததுதான். நம்ம கொழம்புல இருக்குற உப்பு கூட அது அழுத அழுகைதான். உங்க கோழி என்ன பண்ணும்? ஆபத்து வந்தா தலைய மண்ணுல பொதச்சுக்கும். ஊர் சிரிக்கிற கோழை! சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

துரைக்கண்ணு துள்ளி எழுந்தார். அவ்வளவு ரோஷத்தை அவர் வீட்டுக்காரியே பார்த்ததில்லையாம்.

"யாரப் பாத்துக் கோழைங்கிறீங்க? அது தலைய எதுக்கு மண்ணுல விடுதுன்னு தெரியுமா? மண்ணுக்குழியில முட்டை இருக்கு. அதப் பெரட்டி வச்சுக் காபந்து பண்ணுது. அதுவும் யாரு? சேவல்! கறுப்பா, ஆம்பளையா, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிற சேவல். ராத்திரியானா பொட்டைய எழுப்பி அனுப்பிச்சிட்டு இதுதான் அடைகாக்கும். ராத்திரி பூரா! ஒருநாள் ரெண்டு நாள் இல்ல, வருஷம் பூரா. குஞ்சு பொரிஞ்சா முடிஞ்சுதா? குளிப்பாட்டும், சாம்பிராணி போடும், தோள்ல போட்டுத் தட்டும். பாலைவனத்துல ராத்திரியில நான் கேட்டிருக்கேன் இவரே, சேவல் தாலாட்டுப் பாடும், ஒட்டகமெல்லாம் அப்படியே தூங்கிப்போவும். ஆம்பளைன்னா அதான்யா ஆம்பள! உங்க ஆமை என்ன பண்ணுது? முட்டையப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போவுது. அது ஒரு தாயா?"

"எங்க போவுது? ஊரு சுத்தவா போவுது?" நாகூரானும் எழுந்துவிட்டார். "வேலைக்கிப் போவுதய்யா, வேலைக்கி! நடுக்கடல்ல திமிங்கலத்துக்குப் பேறுகாலம் பாக்குறது யாரு? சுறாவுக்குப் பல்வலின்னா மருந்து வைக்கிறது யாரு? ராத்திரியில கூப்புட்டாலும் போவும், அலையில கூப்புட்டாலும் போவும். அது கைராசிக்கு அமெரிக்காவுலேந்து திமிங்கலம் வருது. அதோட புள்ளைங்க ஒண்ணாவது வீணாப் போச்சா? எல்லாம் தானா வளந்து, தொழில் கத்துக்கிட்டு, பொறந்த கரைக்கே திரும்பி வருது. தாய்னா அதுதான்யா தாய்!"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கலியமூர்த்தி இரண்டு கையையும் தூக்கினார்.

"நிறுத்துங்க. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க பாப்போம். மச்சான், அந்தச் சேவல் விஷயம் சத்தியமா உண்மையா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு நெஞ்சில் அடித்தார். "என் புள்ள மேல சத்தியம்."

நாகூரான் கிழக்கே கையை நீட்டினார். "கடல் மேல சத்தியம்." அன்றைக்கு அவர் கடல் மேல் செய்த இரண்டாவது சத்தியம் அது.

அடுக்களையிலிருந்து வெண்ணிலா வெளியே வந்தாள். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தார் நாகூரான். என்ன காரியம் செய்துவிட்டோம், மகள் வாழ்க்கையை வைத்து வாய் வீரம் காட்டிவிட்டோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவள் கண்ணில் ஈரமே இல்லை. அலமாரியிலிருந்து மருந்தை எடுக்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிச் சொன்னதால நான் நம்புறேன். ஆம்பளைன்னா உங்க சேவல் மாதிரி ராத்திரி பூரா புள்ளையப் பாத்துக்கணும்னீங்க. தாய்னா எங்க ஆமை மாதிரி டூட்டிக்குப் போவணும்னு அப்பா சொன்னாங்க. ரெண்டும் நல்லாப் பொருந்துது. ராத்திரி நான் பேறுகாலம் பாக்கப் போறேன், உங்க பையன் தாலாட்டுப் பாடட்டும். இந்த ஏற்பாட்டுல எனக்குச் சம்மதம்."



துரைக்கண்ணு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சேவல் அடைகாக்காது என்று சொன்னால் மகன் மேல் செய்த சத்தியம் பொய்யாகும். அடைகாக்கும் என்றால் ராத்திரி டூட்டி நிலைத்துவிடும். பாலைவனத்திலிருந்து அவர் ஓட்டிக்கொண்டு வந்த கோழி இப்போது அவர் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. வழி தெரியாமல் மகன் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொல்ற நீ?"

சற்குணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குச் சேவலா இருக்கச் சம்மதம்பா. பாட்டுதான் கொஞ்சம் பழகிக்கணும்."

தெரு ஓவென்று சிரித்து ஓய்வதற்குள் கோமளவல்லி எழுந்து அடுக்களை வாசலுக்குப் போய்விட்டாள். "சம்பந்தியம்மா, இலையப் போடுங்க. கொழம்பு வாசன இனிமே தாங்காது."

அதுவரை அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லத் துணியாத அந்தச் சொல்லைக் கேட்டதும் சிவபாக்கியம் அழுதுவிட்டாள். அழுதுகொண்டேதான் இலை போட்டாள். நாகூரான் துரைக்கண்ணுவுக்குக் கை கழுவச் செம்பை நீட்டினார். "வாங்க சம்பந்தி" என்றார். துரைக்கண்ணு செம்பை வாங்கிக்கொண்டார்.

ஆக, கை நனைந்தது. கொடுவாத் துண்டு இரண்டு உள்ளே போன பிறகு துரைக்கண்ணுவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மகன் வருஷம் முழுக்க ராத்திரி ராத்திரி தொட்டில் ஆட்டுகிற காட்சி அவர் கண் முன் வந்து நின்றிருக்க வேண்டும். குழம்பு ஊற்ற வந்த மருமகளை நிமிர்ந்து பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்தச் சேவல் வருஷம் பூரா உக்காரும்னு சொன்னேன்ல?"

"ஆமா மாமா."

"பேச்சு வேகத்துல கொஞ்சம் கூடிப்போச்சு. மாசத்துல ஒரு வாரம்தான் உக்காரும்."

கலியமூர்த்தி வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைக் கீழே இறக்கிவிட்டார். "மச்சான் ஒரு கணக்க எறக்கிச் சொல்லி இன்னிக்குத்தான் பாக்குறேன்."

நாகூரானுக்கு அது பொறுக்கவில்லை. எதிராளி ஓர் அடி பின்வாங்கியிருக்கிறான், இந்த நேரத்தில் அடிக்காவிட்டால் எப்போது அடிப்பது? இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒரு வாரம்தானா? எங்க ஆமை மாசம் பூரா ராத்திரி டூட்டி..."

"அப்பா," என்றாள் வெண்ணிலா, அவர் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "எனக்கு ஒரு வாரம் போதும்."